சங்குமேட்டுக் கல்லின் ஜாதகம்

மனுஷனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்ட காலம் போய்க் கல்லுக்குக் கேட்கிற காலம் வந்தபோதுதான் எனக்கு வேலை கிடைத்தது. அதனால் அந்தச் சட்டத்தை நான் ரொம்பக் குறை சொல்லக்கூடாது. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். உலகம் இத்தனை வருஷமாக எரித்துத் தள்ளிய புகையை எங்கேயாவது புதைத்தாக வேண்டும். கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, பசால்ட் என்கிற கறுப்பு எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால் அது உள்ளேயே கல்லாக இறுகிவிடும். திரும்பி வராது. இது தெரிந்த நாளிலிருந்து, ரோட்டுக்கு ஜல்லியாக உடைத்துக்கொண்டிருந்த கல்லுக்கு மவுசு வந்துவிட்டது. மவுசு வந்தால் சொந்தம் கொண்டாட ஆள் வராமல் இருக்குமா? எல்லா நாடுகளும் ஒரு குளிர்ந்த ஊரில் கூடி உட்கார்ந்து உடன்படிக்கை எழுதின. அதன் முதல் அத்தியாயம் தோற்ற உரிமை. பாறை எந்த நெருப்பில் பிறந்ததோ, அந்த நெருப்பு இன்றைக்கு எந்த நாட்டுக் கொடிக்குக் கீழே எரிகிறதோ, அந்த நாட்டுக்கே பாறை சொந்தம்.

இரண்டாம் அத்தியாயம் பழம்புகை விதி. அதை எழுதச் சொல்லி அடம்பிடித்தது நம்மைப் போன்ற நாடுகள்தான். யார் அடுப்பிலிருந்து புகை போனதோ அவர்களேதான் அதைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும், இறக்கி முடிக்கும்வரை வேறு எதையும் எரிக்கக்கூடாது, எவ்வளவு பழைய புகையானாலும் காலவரம்பு கிடையாது. பெரிய பெரிய ஆலைக்கார நாடுகள் நழுவிவிடக்கூடாதென்று போட்ட கிடுக்கி அது. நிறைவேறிய அன்றைக்கு நம் ஆட்கள் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அதற்கப்புறம் அந்த அத்தியாயத்தை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சங்குமேடு அரியலூருக்குக் கிழக்கே இருக்கிற ஊர். காவிரிப் படுகையின் ஓரம். ஒரு காலத்தில் கடலாய் இருந்த இடம் என்பதால், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் கல்லாய்ப்போன சிப்பியும் நத்தையும் வரும். களிமண், சுண்ணாம்புக்கல், மணற்கல் என்று அடுக்கடுக்காக இறங்கி, எல்லாவற்றுக்கும் அடியில் பசால்ட் இருப்பதாக நிலத்துக்கடியில் ஒலி அனுப்பிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் வயதையும் பூர்வீகத்தையும் கண்டுபிடிக்க, அரசுத் தரப்பு நிலவியல் ஆளாக என்னை அனுப்பினார்கள். என் பெயர் ஃபிலோமினா.

போய் இறங்கியதுமே பஞ்சாயத்துத் தலைவர் செல்வாம்பாள் வந்து வழியை மறித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். கையில் சாவிக்கொத்து, காலில் ரப்பர் செருப்பு, வாயில் எப்போதும் ஒரு கேள்வி.

"கல்லு எங்க ஊருக்கு அடியில கெடக்கு. அதுக்கு எவனோ தீவுக்காரன் எப்படிங்க மேடம் சொந்தக்காரன் ஆனான்?"

"பூமிக்கு ரொம்ப ஆழத்துல இருந்து சூடு ஒரு தூண் மாதிரி மேல ஏறி வரும். அனல்தூண்னு பேரு. அது இடத்தை விட்டு நகராது. நம்ம நிலம் ஒரு காலத்துல அந்தத் தூணுக்குப் பக்கத்துல இருந்தது. அப்பப் பொங்கின குழம்பு உறைஞ்சதுதான் இந்தக் கல்லுன்னு அவங்க கட்சி. அடுப்பு இன்னிக்கும் தெற்குக் கடல்ல அவங்க தீவுக்கு அடியில எரியுது. மேல இருந்த தோசைக்கல்லுதான் நகர்ந்து இங்க வந்துருச்சு."

"அப்போ தோசை யாருக்கு?"

"அதுக்குத்தான் அக்கா கேஸே."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு கட்சியும் இருக்குமே?"

"இருக்கு. கண்டம் பிளக்கிறப்ப அந்தத் தூண் இல்லாமலே, நம்ம நிலத்தோட அடிப்பக்கமே உருகி மேல வரும். அப்படி வந்திருந்தா இது உள்ளூர்க் கல்லு. பஞ்சாயத்து சம்மதிக்காம யாரும் தொட முடியாது."

"தீவுக் கல்லுன்னா?"

"மேல இருக்கிறதைக் காலி பண்ண அவங்களுக்கு உரிமை இருக்கு."

மேல இருக்கிறது என்று நான் சொன்னதில் முந்நூறு வீடு, இரண்டு கோயில், ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், செல்வாம்பாளின் முருங்கை மரம் எல்லாம் அடக்கம். அவருக்கு அது உடனே புரிந்தது. "சின்னப் புள்ளையில ஒருதடவை நான் பொறந்த ஊரையே லாரில ஏத்துனாங்க மேடம். கரி எடுக்கணும்னு. எங்க ஆடு லாரில ஏறமாட்டேன்னு நின்னுது, அதைப் புடிச்சுக்கிட்டு எங்கப்பா அழுதாரு. இன்னொரு தடவை ஏறமாட்டேன். ஆடு மாதிரியே நிப்பேன், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தீவுக்காரர்களின் வக்கீல் வெள்ளைக்காரராக இருப்பார் என்று ஊரே எதிர்பார்த்தது. வந்தவரோ காரைக்கால்காரர். பெயர் அந்துவான், தமிழில் கற்கண்டாகப் பேசுவார், எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். தூர தேசம் ஒன்றின் கொடி பறக்கிற அந்தத் தீவில் பெங்குவின்களைத் தவிர நிரந்தரக் குடி யாரும் கிடையாதாம். "அதுங்க சார்பாத்தான் வந்தீங்களா தம்பி?" என்று செல்வாம்பாள் கேட்டார். "சம்பளம் குடுக்கிறவங்க சார்பா, அக்கா" என்றார் அந்துவான். மனிதரை வெறுக்கவும் முடியவில்லை.

துளை போடும் வேலை மேஸ்திரி கலியமூர்த்தி கையில். பசால்ட் தட்டுப்பட்டது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நான் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக வடக்கன்குளம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கோர், அதாவது துளைக்குள்ளிருந்து உருவி எடுத்த உருளைக் கல், கழுவித் துடைத்துத் தட்டில் படுத்திருந்தது. கன்னங்கரேலென்று, மேல்புறமெல்லாம் குமிழ் வெடித்த பொத்தல்களோடு, அப்படி ஓர் அழகு! மூன்று தரப்புக்கும் துண்டு போட்டு சீல் வைத்தாகிவிட்டது. எனக்குப் பொரியும் கடலையும் எடுத்து வைத்திருந்தார்கள். தின்றேன்.

கல்லின் பூர்வீகத்தைச் சொல்ல உடன்படிக்கைக்காரர்கள் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கல்லைப் பொடித்து உள்ளே போட்டால் பிறந்த நேரத்தையும் பிறந்த இடத்தையும் சொல்லிவிடும். ஊரார் அதற்கு ஜாதகப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். நேரத்தைக் கல்லுக்குள் சிக்கிய ஆர்கான் வாயுவை வைத்தும், இடத்தை அதிலுள்ள துளி ஈயத்தை வைத்தும் அது கணிக்கும். ஒவ்வொரு நெருப்பின் ஈயத்துக்கும் ஒரு தனி முகம் உண்டு. பெட்டி நமக்கு முடிவை மட்டும் சொல்லும். எப்படி வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பெரிய அதிகாரிகள் செய்த பொருள் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்தோம். நம்முடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று, நடுநிலை ஒன்று. முதலில் வயது வந்தது. பதினோரு கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றும் ஒரே மாதிரி சொல்லின. அந்தத் தீவு நெருப்பு ஆவேசமாகப் பொங்கிய காலமும் அதுவேதான். அந்துவான் செல்வாம்பாள் பக்கம் திரும்பி, "கவலைப்படாதீங்க அக்கா, நல்ல மேட்டு எடமாப் பாத்துத்தான் குடுப்பாங்க" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் இடம் வந்தது. தீவு இல்லை! மிகப் பழைய கண்டத்தின் ஈயம், அனல்தூணோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மூன்று பெட்டியும் சொல்லின. ஒரே நேரத்தில் பிறந்தவர்களெல்லாம் ஒரே தாய்க்குப் பிறந்தவர்களா என்ன? உள்ளூர்க் கல் என்று நான் அறிவித்ததும் வெளியே சரவெடி வெடித்தது. பழம்புகை விதியை இயற்றிய தேசத்தில் அவ்வளவு புகை! செல்வாம்பாள் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

இதோடு நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் பொல்லாத புத்தி கேட்கவில்லை. அந்தக் கல்லின் அழகைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று மிச்சத் துண்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். பொத்தல் ஒன்றின் ஆழத்தில் ஏதோ சிவப்பாக மின்னியது. அடுத்ததிலும் சிவப்பு. அதற்கடுத்ததில் சந்தனம்.

கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன். "மேஸ்திரி, கோரை வெச்சுப் பூஜை போட்டீங்களா?"

"பின்னே? துளை போடற பிட்டு, ஸ்பேனர், பம்பு எல்லாத்துக்கும் போட்டோம். தலைவரம்மாதான் பூசணிக்காய் உடைச்சாங்க. காரைக்கால் வக்கீலும் கூட இருந்து கும்பிட்டாரே. ஏன் மேடம், ஏதாவது குத்தமா?"

"கல்லுக்குமா குங்குமம்?"

"கருவிக்கெல்லாம் வெச்சுட்டுக் கல்லை மட்டும் மூளியா விட்டா நல்லாவா இருக்கும்?"

கடையில் மலிவாகக் கிடைக்கிற பாக்கெட் குங்குமம். பளபளப்புக்கு ஈயச் சிந்தூரம் கலப்பது அதில் புதிதில்லை. கல்லிலுள்ள ஈயம் கடுகளவு என்றால் குங்குமத்தில் இருப்பது பூசணியளவு. ஜாதகப் பெட்டி சொன்னது கல்லின் பூர்வீகமே இல்லை, ஏதோ பழங்கண்டத்துச் சுரங்க ஈயம் கலந்த குங்குமத்தின் பூர்வீகம். மூன்று தரப்பு விஞ்ஞானமும் சேர்ந்து ஒரு பாக்கெட் குங்குமத்துக்கு ஜாதகம் கணித்திருக்கிறது. துண்டின் நடு மத்தியில், பொத்தலே இல்லாத இடத்தில் சுரண்டி எடுத்துப் பெட்டியில் போட்டேன். தீவு என்றது. இன்னொரு தடவை போட்டேன். தீவேதான்.

மறுநாள் காலையில் செல்வாம்பாள் வீட்டுக்குப் போய், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டார். கை நிற்கவில்லை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

"விசாரணையில சத்தியம் பண்ணிட்டுச் சாட்சி சொல்லணும் அக்கா."

"கல்லு எங்க பொறந்தா என்ன மேடம்? பதினோரு கோடி வருஷமா இங்கதான கெடக்கு. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சு, என்னைய எவனாவது வெளியூர்க்காரின்னு சொன்னா விடுவேனா?"

"நீங்க சொல்றது நியாயம். சட்டத்துல அது இல்லை."

"சட்டத்துல இல்லாத நியாயம் உங்க வாயில இருக்கக்கூடாதா?"

பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஒரு கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டே தப்பாகச் சொல்லிவிட்டு, அப்புறம் எந்தக் கல்லை நான் நிமிர்ந்து பார்ப்பது? "சொல்லத்தான் போறேன் அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கீரையை அப்படியே முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திருச்சியில் விசாரணை. நடுவர் ஏதோ ஒரு குளிர்நாட்டு அம்மையார், காதில் மொழிபெயர்ப்புக் குமிழ். ஓரத்தில் புகைக் கணக்கர் சற்குணம் என்று ஒருத்தர். இரண்டாம் அத்தியாயத்துக்காக ஒவ்வொரு விசாரணையிலும் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும் என்பது விதி. எந்த விசாரணையிலும் அவருக்கு வேலை வந்ததில்லை. பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு தூங்குவார்.

முதலில் அந்துவான் எழுந்தார். ஈயம் காலை வாரிவிட்ட நிலையிலும் மனிதர் அசரவில்லை. "இது ஒத்தைக் கல் இல்லை அம்மா, பெரிய குடும்பம். வங்காளப் பக்கம் இதன் அண்ணன் தம்பி உண்டு, ஆஸ்திரேலியாவில் தங்கை உண்டு, கடலுக்கடியில் ஒரு கண்டமளவு சொந்தம் உண்டு. எல்லாம் எங்கள் நெருப்பின் பிள்ளைகள். இந்த ஒன்று மட்டும் எப்படி வேறு வீட்டுப் பிள்ளை ஆகும்?" என்று உருக்கமாகப் பேசினார். எங்கள் அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

நான் குங்குமத்தைச் சொன்னேன்.

அரசு வக்கீலின் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது, எடுக்க மறந்துவிட்டார். நடுவர் கலியமூர்த்தியை விசாரித்தார். மூளியாக விட முடியாது என்று அவர் அங்கேயும் சொன்னார். துண்டின் மத்தியை எல்லார் முன்னாலும் சுரண்டிப் பெட்டியில் போட்டார்கள். தீவு. பின்வரிசையில் சங்குமேட்டு ஜனங்கள் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வாம்பாள் மட்டும் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

"அப்படியானால் இந்தப் பாறையை உங்கள் நெருப்பின் பிள்ளையாக ஏற்கிறீர்களா?" என்று நடுவர் கேட்டார்.

"பெருமையோடு ஏற்கிறோம்" என்று சொல்லி அந்துவான் திரையில் கட்டைவிரலை வைத்தார்.

அந்தப் பலமான குரலில் சற்குணத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒரு சின்ன சந்தேகம். வக்கீல் சார் சொன்ன அந்தக் கண்டமளவு குடும்பமும் பொங்கினப்ப புகை வந்திருக்கும் இல்லையா?"

"வந்திருக்கும்" என்றார் நடுவர்.

"அப்ப அடுப்பு இவங்களதுன்னா, புகையும் இவங்களதுதானே? காலவரம்பு கிடையாதுன்னு இரண்டாம் அத்தியாயத்துல போட்டிருக்கே."

ஒரு கண்டத்தையே நிரப்பிய நெருப்பு கக்கிய புகை! மனுஷன் இதுவரை ஏற்றிய புகையெல்லாம் அதற்கு முன்னால் ஊதுவத்தி. அதை இறக்கி முடிக்கும்வரை அந்த நாட்டில் ஒருத்தரும் அடுப்பு மூட்ட முடியாது. அந்துவானுக்கு வேர்த்தது. ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டார், வெளியே ஓடினார், அரைமணியில் திரும்பி வந்தார். "கனம் நடுவர் அவர்களே, எங்கள் தரப்பு உரிமையைக் கைவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் இது உள்ளூர்க் கல்லாகவே இருக்கலாம். அந்தக் குங்குமச் சாட்சியத்தை அப்படியே நம்பிவிட முடியாது."

"அப்படியானால் உங்களுக்கா?" என்று நடுவர் எங்கள் வக்கீலைக் கேட்டார்.

"ஐயையோ! தீவுக் கல்தான் அம்மா! மேடம் இப்பத்தானே நிரூபிச்சாங்க!" என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பதினோரு கோடி வயதுப் பிள்ளையைக் காலையிலிருந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தவர்கள், சாயங்காலம் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளினார்கள்.

நடுவர் கடைசியில் பஞ்சாயத்தைக் கேட்டார். செல்வாம்பாள் எழுந்து நின்றார். "எங்களுக்குக் கல்லு வேண்டாம்மா. கல்லுக்கு மேல இருந்துக்குறோம், அது போதும். புகை வந்தப்ப நாங்க யாரும் ஊர்ல இல்லை."

பாறை அநாதை என்று தீர்ப்பாயிற்று. அநாதைக் கல்லை யாரும் துளைக்கக்கூடாது, அதற்கு மேலே இருப்பவரை யாரும் கிளப்பவும் கூடாது. ஜனங்கள் கலியமூர்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டீக்கடையில் செல்வாம்பாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க வாயைத் தொறக்காம இருந்திருந்தா கல்லு எங்களுது ஆயிருக்கும். புகையும் எங்க தலைலதான் விடிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமா அக்கா."

"இதெல்லாம் தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

தெரிந்துதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னையும் தோளில் தூக்கியிருப்பார்கள். "இல்லை" என்றேன்.

"அப்ப எங்களை லாரில ஏத்திவிடறதுக்குத்தான் சொன்னீங்க." டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். "நான் அந்தத் தூங்குமூஞ்சிக்குத்தான் நன்றி சொல்லணும். உங்களுக்கு இல்லை." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் ரொம்ப வலித்தது. அந்தக் குங்குமம் விஷம், நெற்றியில் வைக்காதீர்கள் என்று ஊருக்கே எழுதிப்போட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரே போன் செய்து கூப்பிட்டார். போனேன். துளை போட்ட இடத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே மேடை. மேடையில் மிச்சமிருந்த கோர் துண்டு நின்றுகொண்டிருந்தது, கறுப்பே தெரியாத அளவுக்குச் சிவப்பாக.

"யாரும் வேண்டாம்னு சொன்ன கல்லு, பாவம். நாமளாச்சும் வெச்சுக்குவோம்னு" என்றார் செல்வாம்பாள். இரண்டு கிண்ணம் வைத்திருந்தார். ஒன்றிலிருந்து எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, என் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தார். "பயப்படாதீங்க, வீட்டுல மஞ்சள் இடிச்சுப் பண்ணினது. உங்க கடுதாசி வந்ததுல இருந்து ஊர்ல எல்லாருக்கும் இதுதான்."

"அந்தக் கிண்ணத்துல?"

"அது பழைய பாக்கெட்டு. கல்லுக்கு மட்டும்." அதிலிருந்து குச்சியால் அள்ளி அப்பினார், பொத்தல் பொத்தலாகத் தேடித் தேடி அமுக்கினார். "தினமும் வெக்கிறோம். இனிமே உங்க பெட்டியைக் கொண்டாந்து எந்தப் பக்கம் சுரண்டிப் போட்டாலும், எங்க ஊர்க் கல்லுன்னுதான் சொல்லும்."